மூன்றாம் மாடியில் நீ நடந்த கோடு

இன்று காலை அந்தப் பழைய ஃபைலைத் திறந்தேன். நாம் அளக்கப் போன அஸ்தம்பட்டி அலுவலகத்தின் மூன்றாம் மாடி வரைபடம். அதில் நெடுக ஒரு நீலக் கோடு, இடையிடையே புள்ளிகள். லேப்டாப்பைக் கையில் ஏந்தி, நின்று நின்று அளந்தபடி நீ நடந்த வழி. கோட்டைச் சுற்றி எங்கும் பச்சை. வைஃபை எல்லா மூலையிலும் நன்றாகக் கிடைக்கிறது என்று பொருள். பொய்ப் பச்சை.

அன்றைக்கே நீ சொன்னாய். "ஆளே இல்லாத ஞாயித்துக்கெழமைல அளந்தா எல்லாம் பச்சையாத்தான் இருக்கும். நாளைக்கு எரநூறு பேரு வந்து உக்காந்தா பாதி சிக்னலை அவங்க ஒடம்பே தின்னுரும்டா." நம் மேனேஜர் காதில் ஏறவில்லை. வேலைநாளில் நாம் குறுக்கே நடந்தால் பெரிய மனிதர்களுக்குத் தொந்தரவு. நம்முடைய ஞாயிறு போனால் யாருக்கும் தொந்தரவில்லை.

முதலாளி அறையின் நடுவில் ஒரே இடத்தில் நான்கு புள்ளிகள். நான் இரண்டாம் மாடியில் அளந்துகொண்டிருந்தேன். போன் அடித்தது. "மேல வா சாமி, மொதலாளி கூப்படறேன்." ஓடி வந்தால், அந்தத் தோல் நாற்காலியில் கால்மேல் கால் போட்டுச் சுழன்றுகொண்டிருந்தாய்.

"எந்திரிடா, கேமரா இருக்கும்."

"இருக்கட்டும். இங்கதான்டா சிக்னல் பிரமாதம். கதவோரம் டைப் அடிக்கிற புள்ளைங்க எடத்துல பாரு, இப்பவே கம்மி."

மதியம் வண்டியை எடுத்தாய். "இன்னைக்கு ஊட்ல கறி, வாரேன்டா." மல்லசமுத்திரம் போகும் வழியில் லாரி மோதி அங்கேயே போய்விட்டாய். கருவிப் பை உன் தோளிலேயே இருந்தது. நஷ்டஈடு கேட்டதற்கு, ஞாயிறு விடுமுறை, அன்று நீ வேலையில் இல்லை என்று நம் கம்பெனி எழுதிக் கொடுத்தது. உன் அம்மா என்னைப் பார்த்தார். "நீயுந்தான சாமி கூடப் போன?" தலையைக் குனிந்துகொண்டேன். வேலை போய்விடும் என்ற பயம். அதற்கு வேறு நல்ல பெயர் இல்லை.

நீ சொன்னபடியே ஆயிற்று. ஆட்கள் நிறைந்ததும் கதவோரம் இணைப்பு அறுந்து அறுந்து போகிறதாம். இப்போது வேலைநாளிலேயே மறுபடி அளக்கச் சம்மதித்துவிட்டார்கள். "பழைய ஃபைலை அழிச்சிரு" என்றார் மேனேஜர்.

ஒவ்வொரு புள்ளியிலும் தேதியும் நேரமும் உன் பெயரும் இருக்கின்றன. அழிக்கவில்லை. அச்செடுத்து உன் அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். தொழிலாளர் அலுவலகத்துக்கு நானும் வந்து சொல்கிறேன் என்றேன்.

கோட்டின் மேல் அவர் விரல் மெதுவாக நகர்ந்தது. "இத்தனையும் அவன் நடந்ததா சாமி?"

"ஆமாங்க."

நான்கு புள்ளிகளில் விரல் நின்றது. "இங்க எதுக்கு இவ்வளவு நேரம் நின்னான்?"

"நிக்கலீங்கம்மா. உக்காந்திருந்தான்."

இனி இந்த வேலை இருக்குமோ இருக்காதோ. எந்தக் கட்டடத்தில் அளக்கப் போனாலும் முதலில் கதவோர நாற்காலிகளுக்குத்தான் போகிறேன். போனை மட்டும் பைக்குள் போடுவதில்லை, கையிலேயே வைத்திருக்கிறேன். மேலேயிருந்து முதலாளி கூப்பிட்டால் எடுக்க வேண்டுமே.