தேநீர்க் கோப்பைக்காரர்

செவ்வாய், இரவு ஒரு மணி

இன்றைக்குத் தொட்டதெல்லாம் நல்ல சீட்டு. இணையப் போக்கரில் இப்படி ஓர் இரவு எனக்கு வாய்த்ததே இல்லை. ஒவ்வொருவராகத் தோற்று எழும்பிப் போனார்கள். கடைசியில் மேசையில் நானும், முகப்புப் படமாகத் தேநீர்க் கோப்பையை வைத்திருப்பவரும்தான்.

அவருடைய பெயர் தெரியாது. ஷிப்ட் முடிந்து நான் ஆட்டத்தில் வந்து சேர்ந்தவுடன், "சாப்பிட்டாயா?" என்று ஆங்கிலத்தில் எழுதிக் கேட்பார். லண்டனில் வேறு யாரும் என்னை அதைக் கேட்பதில்லை. இன்றும் கேட்டார். சீட்டு நன்றாக வந்துகொண்டிருந்ததால் பதில் எழுதவில்லை.

கடைசி ஆட்டத்தில் மிச்சம் இருந்த பணம் முழுவதையும் வைத்தார். என்னிடம் மூன்று ராணி, இரண்டு ஏழு. சீட்டைப் போட்டுவிட்டு விலகியிருக்கலாம். யோசிக்கவே இல்லை; நானும் வைத்து, அவருடையதையெல்லாம் வென்றேன்.

"நன்றாக விளையாடினாய். இந்தப் பணம் முடிந்தால் நிறுத்துவதாக மகளிடம் சொல்லியிருந்தேன். சுகமாக இரு" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்.

தண்ணீர் எடுக்க வந்த பக்கத்து அறைச் செல்வம் அண்ணை எட்டிப் பார்த்தார்.

"என்னடாப்பா, வெண்டிட்டியோ?"

"ஓம் அண்ணை. நாப்பது பவுண்ஸ்."

"அப்ப ஏன் முகம் இப்பிடிக் கிடக்கு?"

"நித்திரை வருது அண்ணை."

வரவில்லை. மத்தியானச் சோற்றைச் சூடாக்கிக்கொண்டு வந்து, திரையில் ஆளில்லாமல் கிடந்த அந்த மேசைக்கு முன்னால் இருந்து சாப்பிட்டேன். பிறகு, "சாப்பிட்டேன்" என்று எழுதினேன்.