இடது பக்கம் ஒரு சைக்கிள்

அண்ணா,

நேற்று கயல் கார் வாங்கிக்கொண்டு வந்தாள். யாரோ ஓட்டிப் பழகின கார்தான், ஆனால் நம் வீட்டு வாசலில் நிற்கும் முதல் கார். மாலை போட்டு, கற்பூரம் காட்டி, நாலு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் நசுக்கி எல்லாம் முடிந்தபிறகு, "வாம்மா, பீச் வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்" என்றாள். முன் சீட்டில் இடது பக்கம் ஏறி உட்கார்ந்தேன். அவள் வண்டியைப் பின்னால் எடுத்ததும் உள்ளே எங்கிருந்தோ பீப், பீப், பீப் என்று ஒரு சத்தம் கிளம்பியது. கிட்டே போகப்போக அது வேகமாகி ஒரே இழுப்பாக இழுத்தது. பின்னால் ஏதோ இருக்கிறது என்று வண்டியே எச்சரிக்கிறதாம்.

எனக்கு உள்ளங்கால் வரை சில்லிட்டுவிட்டது. நம் பழைய வீடியோ கேம் கடை ஜெட் மிஷினில் கேட்ட அதே சத்தம். எதிரி விமானி உன்னைக் குறி வைத்துவிட்டான், இப்போது சுடப்போகிறான் என்று சொல்லும் சத்தம்.

"இன்னாம்மா, மூஞ்சியே வெளுத்துப்போச்சு?"

"ஒண்ணுமில்ல. நீ ஓட்டு."

ஒண்ணுமில்ல. உன் நாக்கு நுனியில் எப்போதும் காத்திருந்த சொல். நீ போய் ஒரு வருடமாகிறது, அது என்னிடம் குடியேறிவிட்டது.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும் அப்போது. கயல் மூன்றாம் வகுப்பு. அவள் அப்பா வெளிநாட்டு வேலையில் இருந்தார். ரெட்டியார்பாளையத்தில் வீட்டின் முன் அறையை நான் வீடியோ கேம் கடையாக்கியிருந்தேன். பொம்பளைக்கு இதெல்லாம் எதற்கு என்று தெருவே பேசியது, தெருப் பிள்ளைகள் எல்லாம் என் கடையில்தான் கிடந்தார்கள். இரண்டு டிவி, இரண்டு கேம் பெட்டி. அதில் ஒன்று, பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற அடுத்த தெரு சொல்தா தாத்தா தன் பேரன் விளையாடிச் சலித்ததும் எனக்குக் கொடுத்தது. அதில் வரும் எழுத்தெல்லாம் பிரெஞ்சு. படிக்கத் தெரியாமலே பிள்ளைகள் விமானம் ஓட்டினார்கள்.

ஆனால் கடைக்குப் பெருமை அந்தப் பெரிய மிஷின்தான். பொருட்காட்சி ஒன்றைக் கலைத்தபோது நீதான் உன் வேனில் ஏற்றிக்கொண்டு வந்தாய். விமானி அறை மாதிரி உள்ளே ஏறி உட்காரவேண்டும். முகத்துக்கு முன்னால் அகலத் திரை, கால்களுக்கு நடுவே லீவர், அதன் தலையில் சிவப்புப் பொத்தான். டிவியில் இருந்ததும் கிட்டத்தட்ட இதே விளையாட்டுதான். ஆனால் டிவியை எட்ட உட்கார்ந்து பார்ப்போம். இதில் திரை இரண்டு கன்னத்தையும் தொடும்.

நீ வேலை பார்த்த மில்லை மூடினபிறகு வேன் ஓட்டினாய். காலையில் பள்ளிக்கூடத்துக்குப் பதினான்கு பிள்ளைகள், அதில் ஒருத்தி கயல். அவர்களை டவுனில் இறக்கிவிட்டு வந்து, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, நேராக மிஷினுக்குள் ஏறிவிடுவாய். வயசு நாற்பத்தைந்து, விளையாட்டைப் பார் என்று நான் கிண்டல் செய்வேன். "வானத்துல சிக்னல் இல்ல, போலீஸ் இல்ல, சும்மா இரு" என்பாய்.

நீ எப்போதும் இடது பக்கத்திலிருந்தே சுடப்பட்டாய். எதிரில் வருபவன், வலது பக்கம் வருபவன் எல்லோரையும் விழுத்தாட்டுவாய். இடது ஓரத்திலிருந்து ஒருவன் சாவகாசமாக வருவான், பீப் சத்தம் கிளம்பும், நீ திரை முழுக்கத் தேடுவாய், திரை சிவப்பாகும். "லீவர் சரியில்ல, லெஃப்ட்டு இழுக்கவே மாட்டேங்குது." மெக்கானிக்கை வரவழைத்து லீவரை மாற்றினேன். மறுபடியும் அதே. இன்னொரு தடவை மாற்றினேன். டிவியில் அதே விளையாட்டை எட்ட உட்கார்ந்து ஆடினால் உன்னை ஒருவனும் தொடமுடியாது. அதனால் கோளாறு மிஷினில்தான் என்று நானும் அடித்துச் சொன்னேன். மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டு போனான்.

ஒரு புதன்கிழமை, நீ பிள்ளைகளைக் கூட்டிவரக் கிளம்பியபிறகு, லீவர் எங்கே மாட்டுகிறது என்று பார்க்க நானே உள்ளே ஏறினேன். அதுவரை நான் ஒரு ஆட்டம் கூட ஆடியதில்லை. லீவர் வெண்ணெயாக நகர்ந்தது. இடது ஓரத்தில் அந்த விமானம் வந்தது. அது ஒளிந்தெல்லாம் வரவில்லை அண்ணா. தெருவில் தண்ணி லாரி வருவது மாதிரி பெரிதாக, எல்லோருக்கும் தெரிகிறமாதிரி வந்தது. நான் சும்மா கையை நகர்த்தினேன், தப்பிவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் டீ கொண்டுவந்து, ஒரு வார்த்தை பேசாமல், உன் இடது கன்னத்துக்கு நேராக ஒரு முழ தூரத்தில் டம்ளரை நீட்டினேன். நீ திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். ஆவி உன் காதோரம் போனது. "டீ இன்னும் ஆவலியா?" என்று வலது பக்கம் திரும்பிச் சமையல்கட்டைப் பார்த்துக் கேட்டாய்.

அப்போது எனக்கு மிஷின் தெரியவில்லை. ரோடு தெரிந்தது. நம் ஊரில் டிரைவருக்கு இடது பக்கம் என்றால் ரோட்டோரம். சைக்கிள் போவது அங்கே, பால் வாங்கிக்கொண்டு நடப்பது அங்கே, பிள்ளைகள் இறங்குவதும் ஏறுவதும் அங்கே.

"கண்ணு ஒரு தடவ காட்டிக்கலாமாண்ணா?"

"எதுக்கு? அதோ மருந்துக்கடை போர்டுல போன் நம்பர் படிக்கட்டா?" படித்தாய். ஒரு எண் கூடத் தப்பவில்லை. "எனக்கு ஒண்ணுமில்ல. லீவர மாத்து."

இனி நான் சொல்வது உனக்குத் தெரியும். ஆனாலும் என் வாயால் ஒரு தடவைகூட நான் இதைச் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை காலை நீ வாசலில் ஹாரன் அடித்தபோது, கயலுக்குக் காய்ச்சல் என்றேன். யூனிஃபார்ம் போட்டு நின்ற பிள்ளையை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னேன். நீ "அடடா" என்றாய். வேனுக்குள் மற்ற பதின்மூன்று பேரும் எனக்கு டாட்டா காட்டினார்கள். நானும் காட்டினேன். என் பிள்ளையை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, ஊரார் பிள்ளைகளை அனுப்பிவைத்தேன். ஏன் கத்தவில்லை, ஏன் சாவியைப் பிடுங்கவில்லை என்று கேட்டால் ஒரே பதில்தான்: உனக்கு வேன் இல்லாவிட்டால் வேறொன்றும் இல்லை, அதை உன் தங்கச்சியா பிடுங்குவது என்று பயந்தேன். ரோட்டைக் கண்டும் பயந்தேன், உன்னைக் கண்டும் பயந்தேன். வெள்ளியும் சனியும் தெருவில் எந்த வண்டி பிரேக் அடித்தாலும் வாசலுக்கு ஓடினேன். கடை போன் அடித்தால் எடுக்கக் கை வரவில்லை.

நீ இரண்டு நாளும் அவளுக்கு இளநீர் வாங்கிவந்தாய். பக்கத்தில் உட்கார்ந்து, கதை சொல்லி, நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டுப் போனாய்.

திங்கட்கிழமை காலை கயலைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, "டவுன்ல வேலை இருக்கு, நானும் வரேன்" என்று வேனில் ஏறினேன். முன்னால் இருந்த இரண்டு பொடிசுகளைப் பின்னால் அனுப்பி, இடது சீட்டில் உட்கார்ந்தேன். மூலக்குளம் போய் அங்கிருந்த பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு டவுன் பக்கம் திரும்பினோம். நான் வாய் ஓயாமல் பேசினேன். "இடது பக்கம் ஒரு அம்மா நடக்கறாங்கண்ணா." "பாத்துட்டேன்." "டெம்போ ஒண்ணு நிக்குது." "பாத்துட்டேன்." "சைக்கிள்." "பாத்துட்டேன்னு சொல்றேன்ல?" என் முதுகில் புடவை ஒட்டிப்போயிருந்தது. பின்னால் பதின்மூன்று பேரும் பெருக்கல் வாய்ப்பாடு பாடிக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் நீ சரியாகத்தான் ஒதுங்கினாய். ஒருவேளை நான்தான் பைத்தியமோ என்றுகூட நினைத்தேன்.

பள்ளிக்கூடத்துக்கு முந்தின தெருவில், இடது பக்கம் முழுக்க ஒரு நீள மஞ்சள் மதில் வரும். கதவில்லை, கடையில்லை, மரமும் இல்லை. அந்தக் காலையில் ஒரு நாய்கூட அங்கே இல்லை. நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. திட்டம் போட்டுச் சொல்லவில்லை. வாய் சொல்லிவிட்டது.

"இடது பக்கம் ஒரு சைக்கிள்."

"பாத்துட்டேன்" என்றாய். சொல்லிவிட்டு, இல்லாத சைக்கிளுக்கு வழிவிட்டு வண்டியை வலது பக்கம் ஒடித்தாய்.

எதிரில் வந்த டெம்போவின் ஹாரன் இன்னும் என் காதில் இருக்கிறது. நீ பிரேக்கை மிதித்தாய். டெம்போக்காரன் மயிரிழையில் ஒதுங்கி, நம் பரம்பரையையே இழுத்துத் திட்டிவிட்டுப் போனான். வாய்ப்பாடு நின்றுவிட்டது. பின்னால் ஒரு பிள்ளை மெதுவாக அழ ஆரம்பித்தது. என் பொய்யால் அன்றைக்குப் பதின்மூன்று பேரையும் நானே கொன்றிருப்பேன்.

பள்ளிக்கூட வாசலில் கடைசிப் பிள்ளை உள்ளே போகும்வரை காத்திருந்துதான் வாயைத் திறந்தேன்.

"அண்ணா, அங்க சைக்கிளே இல்ல."

நீ ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். பிறகு, "புள்ளைக்குக் காய்ச்சலும் இல்ல" என்றாய்.

"மொத நாளே நெத்திய தொட்டுப் பாத்தேன். சில்லுனு இருந்துச்சு. அப்பவே புரிஞ்சிபோச்சு, உனக்குத் தெரிஞ்சிடுச்சுன்னு. நீ உன் புள்ளைய மட்டும் நிறுத்திக்கினே. நான் தெரிஞ்சும் ஓட்டிக்கினு இருந்தேன். ரெண்டு பேரும் ஒண்ணுதான், போ."

"எவ்ளோ நாளாண்ணா?"

"அந்த மிஷின் வந்த நாள்லேர்ந்து. அதுலதான தெனமும் பாத்துக்கினேன். இடது பக்கம் ஒரு பிளேன் தெரிஞ்சுதுன்னா, சரி, நாளைக்கும் வண்டி எடுக்கலாம்னு வருவேன். ஒரு மாசமா ஒண்ணுகூட தெரியல." ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ரொம்ப பயமா கீதும்மா" என்றாய். மில் கதவைப் பூட்டிய அன்றுகூட உன் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை.

எஞ்சினை அணைத்து, சாவியை என் உள்ளங்கையில் வைத்தாய். "சாயந்திரம் புள்ளைங்கள கூட்டியாற வேற வண்டி சொல்லிடு." நாம் நடந்தே பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். நான் உன் இடது பக்கம் நடந்தேன். அதன்பிறகு நீ இருந்தவரை வேறெந்தப் பக்கமும் நடந்ததில்லை.

கண்ணுக்குள் அழுத்தம் என்றார் டாக்டர். ஓரம் முதலில் போகும், நடு கடைசிவரை இருக்கும், அதனால்தான் போர்டெல்லாம் படிக்க முடிகிறது என்றார். போனது திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம் என்றார். மிஷினை நான் விற்றுவிட்டேன். நீ டிவி விளையாட்டை மட்டும் விடவில்லை. நடுவில் மிச்சமிருந்த பார்வைக்குள் முழு டிவியும் அடங்கும் தூரத்துக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வாய். வருடத்துக்கு வருடம் நாற்காலி பின்னால் போனது. ஒருநாள் அது சுவரில் இடித்தது. நீ கையிலிருந்த ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டு, "அவ்ளோதான் எடம்" என்று சிரித்தாய். நான் சமையல்கட்டுக்குப் போய் அழுதேன்.

உன்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது, தெரிந்துகொள். ஒரு மாதம் ஓட்டினாயே, பாவி. ஆனால் அந்தக் கோபம் உன்னிடம் வந்து சேர்வதற்குள், டாட்டா காட்டிய என் கை குறுக்கே வந்துவிடுகிறது. அந்தப் பதின்மூன்று பேரும் வளர்ந்துவிட்டார்கள். சிலர் கடைத்தெருவில் பார்த்தால், "ஆன்ட்டி, வேன் மாமா ரொம்ப ஜாலியா ஓட்டுவாரு இல்ல?" என்கிறார்கள். ஆமாம் என்கிறேன். அவர்கள் முகத்தை நேராகப் பார்க்க எனக்குப் பயம்.

நேற்று கயல் நன்றாகத்தான் ஓட்டினாள். உன்னைப்போலவே ஒரு கையை ஸ்டியரிங்மேல் சும்மா போட்டுக்கொண்டு ஓட்டினாள். டவுனுக்குள் நுழைந்ததும் என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"இடது பக்கம் ஒரு சைக்கிள்."

"பாத்துட்டேம்மா" என்றாள்.

சைக்கிளைப் பார்க்காமல் அவள் முகத்தைத்தான் முதலில் பார்த்தேன். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினேன். சைக்கிள் இருந்தது அண்ணா. பின்னால் மீன் கூடை கட்டின சைக்கிள், வயதான ஒரு ஆள், மெதுவாக மிதித்துக்கொண்டு போனார். நிஜமாகவே இருந்தது.