வெயில் காயும் அப்பாவுக்கு

அன்புள்ள அப்பா,

இங்கே நான் சௌக்கியம். உங்கள் இருமல் குறைந்ததா? நான் வைட்டமின் டி ஆராய்ச்சியில் இருப்பதால், கீமோவுக்குப் போகாமல் மொட்டைமாடியில் வெயில் காய்கிறீர்களாம். அம்மா போனில் அழுதாள்.

உங்களைப் போலவே சிமென்ட் மூட்டை தூக்கி நுரையீரலில் புற்று வந்த ஒரு அண்ணன் எங்கள் ஆய்வுக்கு ரத்தம் கொடுத்திருந்தார். முகக்கவசம்கூடத் தராத முதலாளி நன்றாகத்தான் இருக்கிறான். அந்த அண்ணனின் நோய் எதிர்ப்புச் செல்களுக்கு வைட்டமினைக் கொடுத்துப் பார்த்தோம். அந்தச் செல்களால் வைட்டமினை வேலை செய்யும் வடிவத்துக்கு மாற்றிப் பயன்படுத்தவே முடியவில்லை.

நேற்று அவர் வந்து, "என்னம்மா, என் ரத்தம் பாஸா, ஃபெயிலா?" என்று சிரித்தார்.

"பாஸ்தாண்ணே" என்றேன்.

உங்களிடம் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

உங்கள் வாசத்தோடு பழைய சட்டை ஒன்றைத் துவைக்காமல் அனுப்பும்படி அம்மாவிடம் சொல்லுங்கள். இரவாகிவிட்டது, ஆய்வகத்தைப் பூட்டுகிறார்கள். கீமோவும் பலிக்காமல் போகலாம். ஆனாலும் போங்கள் அப்பா. என் படிப்பை நம்பிச் செத்துவிடாதீர்கள்.

உங்கள் மகள்