கேமரா டெஸ்ட் முடிந்தது என்று சொன்ன அண்ணனுக்கு

என் ஆசை அண்ணாவுக்கு,

உன் பாப்பா எழுதுகிறேன். நீ போன பிறகு வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் உன்னைத் தங்கமான மனுஷன் என்கிறார்கள். நானும் தலையை ஆட்டிவைக்கிறேன். நீ என்னிடம் சொன்ன பொய்யை யாரிடமும் சொன்னதில்லை. இன்றைக்கு எல்லார் காதிலும் விழட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நைனா முன்பே போய்விட்டார். அம்மா குடல் புற்றுநோயில் கிடந்தபோது நகரி வீட்டில் நாம் இரண்டு பேர்தான். என்ன நோய் என்று தெரிவதற்குள் எல்லாம் கைமீறிவிட்டது. பிறகு நீ பவர்லூமை விட்டுவிட்டுப் பெங்களூர் கார்மென்ட்ஸ் கம்பெனிக்குப் போனாய். நான் திருப்பதிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன்.

ஒவ்வொரு புரட்டாசியும் திருமலை அடிவாரத்தில், அலிபிரியில் சந்தித்து மலையேறுவோம். மேலே போய்ச் சேர்ந்ததும் நீ சொல்வாய்: "ஏழு மலையும் ஏறி வந்துட்டேன் பாப்பா. எனக்கு இன்னா நோவு வரப் போவுது?" நம் பக்கத்தில் பாதிப் பேருக்கு அதுதானே வருஷாந்திர உடம்புப் பரிசோதனை.

அப்படியும் உனக்கு நெஞ்சடைப்பு வந்தது. தினமும் ஓர் ஆஸ்பிரின் என்று ஆயிற்று. பல வருஷம் கழித்து, என் வயிற்றுவலிக்காகத் திருப்பதி டாக்டரம்மாவிடம் போனபோது நீயும் துணைக்கு வந்தாய். அம்மாவுக்கு வந்ததால் நம் இருவருக்கும் வரலாம், கேமரா விட்டுக் குடலைப் பார்த்துவிட வேண்டும் என்றார். நீ உடனே உன் மாத்திரையைப் பற்றிக் கேட்டாய்.

ரொம்ப வருஷம் ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு கொஞ்சம் குறையலாம் என்றார். உன் முகம் மலர்ந்ததைப் பார்த்துவிட்டு, "டேப்லெட் டேப்லெட்டே, டெஸ்ட் டெஸ்ட்டே" என்று தெலுங்கில் அழுத்திச் சொன்னார். குறையலாம் என்றால் வராது என்று அர்த்தமில்லை, அந்த மாத்திரையால் ரத்தக்கசிவும் வரலாம், அதனால் எல்லாரும் போட்டுக்கொள்ளக் கூடாது என்றும் சொன்னார். நீ முதல் பாதியை மட்டும் பெங்களூருக்கு எடுத்துக்கொண்டு போனாய்.

வெளியே வந்து என்ன பேசிக்கொண்டோம்? நான் இங்கே, நீ அங்கே, ஒரே மாசத்தில் டெஸ்ட் எடுத்துக்கொள்வது என்று. நீதான் என் கையில் அடித்துச் சத்தியம் செய்தாய்.

நான் எடுத்துக்கொண்டேன் அண்ணா. முந்தின நாள் மருந்துத் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கக்கூஸுக்கும் கட்டிலுக்கும் நடந்த நடையில் இன்னொரு தடவை மலையேறியிருக்கலாம். குடலில் ஒரு சதை முளைத்திருந்தது. விட்டால் பிற்பாடு புற்றாக மாறலாம் என்று அப்போதே எடுத்துவிட்டார்கள். உனக்குப் போன் செய்தேன். "எனக்கும் ஆயிடுச்சு பாப்பா. சுத்தமா கீதாம். நீ துன்னுட்டு நிம்மதியா தூங்கு" என்றாய். மறுநாள் கோயிலில் உன் பேருக்கு அர்ச்சனை செய்தேன், தெரியுமா?

அடுத்த புரட்டாசியில், பாதி வழியில் இருக்கிற காலிகோபுரம் வருவதற்குள் நாலு இடத்தில் உட்கார்ந்துவிட்டாய். முகம் வெளுத்திருந்தது. இதயம்தான் என்று பயந்தேன். குடல் சுத்தம் என்று நீயே சொன்ன பிறகு அந்தப் பக்கம் என் நினைப்பு ஏன் போகும்? மலத்தில் ரத்தம் போனது அண்ணிக்குத் தெரிந்திருக்கிறது. "ஆஸ்பிரின் போட்டா அப்பிடித்தான் போவும். பாப்பா கிட்ட சொல்லாத" என்று அண்ணியின் வாயையும் அடைத்திருக்கிறாய். நோய் வராமல் காக்கிறதும் அந்த மாத்திரை, ரத்தம் போனால் காரணமும் அந்த மாத்திரை. எவ்வளவு வசதியாகப் போயிற்று உனக்கு.

கடைசியில் உனக்கும் குடல் புற்று என்று தெரிந்து சேர்த்த பெங்களூர் ஆஸ்பத்திரியில், முன்னே கேமரா டெஸ்ட் எடுத்திருக்கிறீர்களா என்று டாக்டர் கேட்டார். நீ சுவரைப் பார்த்தாய். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பயமா அண்ணா? வெட்கமா? கம்பெனியில் லீவு கிடைக்கவில்லையா? எதுவாக இருந்தாலும் என்னிடம் சொல்லியிருக்கலாமே. பஸ் ஏறி வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேனே. அம்மாவை நாம் இரண்டு பேரும்தானே பார்த்தோம். அதற்கப்புறமும் என்னை ஏமாற்ற உனக்கு எப்படி மனசு வந்தது?

உன் மகன் அமெரிக்காவிலிருந்து பேசினான். அவனும் டெஸ்ட் எடுக்க வேண்டும் என்றேன். "நெட்ல படிச்சிட்டு நானே ஆஸ்பிரின் போட்டுக்கினு கீறேன் அத்தே. டெஸ்ட்டும் எடுத்துட்டேன், பயப்படாதீங்க" என்றான். எந்த ஆஸ்பத்திரியில் என்று கேட்டேன். லைன் சரியில்லை என்றான்.

சங்கராந்திக்கு வருகிறான். யாரையும் கேட்காமல் மாத்திரை போட்டதற்கு முதலில் டாக்டரம்மாவிடம் திட்டு வாங்கித் தருகிறேன். பிறகு மருந்துத் தண்ணீரை நானே கலக்கி, அவன் குடித்து முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருப்பேன். டெஸ்ட் அறைக் கதவுவரைக்கும் கையைப் பிடித்துக் கூட்டிப்போவேன். இது உனக்கு நான் செய்துகொடுக்கிற சத்தியம். அவன் வாய்வார்த்தையை மட்டும் நம்ப மாட்டேன் அண்ணா. அந்த நம்பிக்கை எல்லாவற்றையும் உனக்கே கொடுத்துத் தீர்த்துவிட்டேன்.

இன்னும் கோபம் ஆறாத,
உன் கூடப் பிறந்த பாப்பா