அண்ணன் பெயரின் மேல் அடித்த காசு

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

மூட்டுவலி தேவலையா? மூன்று வருடமாக நீ என் போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். கூடப் பிறந்தவளிடம் இவ்வளவு வைராக்கியம் ஆகாது, அக்கா. நாம் சேர்ந்து எழுதிய பழங்காசுப் புத்தகத்தில் என் பெயர் மட்டும் வந்தது பதிப்பகத்தின் அவசரத்தால். எத்தனை தடவைதான் சொல்வது?

விஷயத்துக்கு வருகிறேன். நீ ஆராய்ந்த அந்தத் தம்பி ராஜாவின் வெள்ளிக்காசுகள் ஐந்து விலைக்கு வந்திருக்கின்றன. எழுநூறு வருடத்துக்கு முன்னால் அண்ணனைத் துரத்திவிட்டு, அண்ணனின் காசுகள் மேலேயே தன் பெயரை அடித்தானே, அவனுடையவைதான். அருங்காட்சியகத்தில் பொறுப்பேற்ற பிறகு நான் வாங்கப்போகும் முதல் பெரிய பொருள். இத்துடன் படங்கள் வைத்திருக்கிறேன். பார்த்துச் சொல்லேன்.

உன் தங்கை

மார்ச் 11

தங்கைக்கு,

பார்த்தேன். போலி. வாங்காதே.

பழைய காசைப் பழுக்கக் காய்ச்சி, அச்சுக்கு நடுவில் வைத்து, சுத்தியலால் ஓங்கி அடிப்பார்கள். தம்பியின் பெயர் விழும். அடியில் அண்ணன் பெயரின் மிச்சம் கொஞ்சம் தெரியும். பழைய காசை எந்தப் பக்கம் திருப்பி வைத்தார்களோ, அதற்கேற்ப அந்த மிச்சம் ஒவ்வொரு காசிலும் வேறு இடத்தில் இருக்கும். உன் ஐந்திலும் ஒரே இடத்தில் இருக்கிறது. ஒரு காசை மாதிரியாக வைத்து ஐந்தையும் வார்த்திருக்கிறார்கள்.

உனக்கு இது தெரியாததில் ஆச்சரியமில்லை. பத்து வருடம் லென்ஸில் கண்ணைக் கெடுத்துக்கொண்டவள் நான். உன் கண்ணெல்லாம் நாற்காலி மேல்தானே இருந்தது? உட்கார்ந்தும் ஆயிற்று. இனி திருதிருவென்று விழி.

அக்கா

மார்ச் 15

அக்காவுக்கு,

இதைத்தான் எதிர்பார்த்தேன். உன் வயிற்றெரிச்சல் தீரவே தீராதா? ஒரே அச்சில் அடித்தால் ஐந்தும் ஒன்றுபோலத்தான் இருக்கும்! அதைச் சொல்லிக்கொடுத்ததே நீதான். என் வீட்டுக்காரர் அப்போதே சொன்னார்: "உங்க அக்கா இன்னும் கருவிக்கிட்டு இருக்காங்க. அவங்ககிட்டயா போய்க் கேப்ப?" என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நாளை கையெழுத்துப் போடுகிறேன்.

தங்கை

மார்ச் 19

சரிம்மா, உன் இஷ்டம். காசுகளைக் காட்சிக்கு வைக்கும் விழா ஜாம் ஜாமென்று நடக்கட்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் நல்ல விளக்காகப் போடச் சொல்.

அக்கா

ஜூன் 2

என் அக்காவுக்கு,

காட்சியைத் திறந்த வாரமே வெளியூர் ஆராய்ச்சியாளர் ஒருவர் பெட்டி முன்னால் வெகுநேரம் நின்றார். "மேடம், இதெல்லாம் வார்த்ததுதானே?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். பரிசோதனையில் அதுவே உறுதியானது. விசாரணை வைத்திருக்கிறார்கள், நிபுணராக உன்னை அழைத்திருப்பதும் தெரியும்.

தெரியாமல் ஏமாந்தேன் என்றால் கண்டித்து விட்டுவிடுவார்கள். எச்சரித்தும் வாங்கினேன் என்று தெரிந்தால் வேலை போய்விடும், அதோடு என் பெயரும் நாறிவிடும். நீ எனக்குச் சொன்னதை அங்கே சொல்லாதே. யாராக இருந்தாலும் ஏமாந்திருப்பார்கள் என்று ஒரு வார்த்தை சொல், போதும். உன் காலில் விழுகிறேன். நம் புத்தகத்தின் அடுத்த பதிப்பில் உன் பெயரை முதலில் போடச் சொல்கிறேன், சத்தியமாக.

உன் தங்கை

ஜூன் 6

போடச் சொல்கிறாயா? அப்படியானால் நீ சொன்னால் போடுவார்கள். இத்தனை நாளும் பதிப்பகத்தின் தலையில் பழியைப் போட்டாயே!

நான் உன்னிடம் பொய் சொல்லவில்லை. காசைப் பற்றி எழுதியது அத்தனையும் உண்மை. அதைப் பக்குவமாக எழுதியிருந்தால் நம்பியிருப்பாய். நீ நம்பக் கூடாது என்றுதான் நாற்காலிப் பேச்சைச் சேர்த்தேன். அந்த வரியை எழுத எனக்கு ஒருநாள் முழுக்கப் பிடித்தது. உன்னை எனக்குத் தெரியாதா? எனக்குச் செய்தது உன் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. நான் வாயைத் திறந்தாலே பழிவாங்குவதாகத்தான் உனக்குக் கேட்கும். வேறு யாரிடமாவது ஒரு காசைக் காட்டியிருந்தால்கூடத் தப்பித்திருப்பாய். அதையும் செய்யமாட்டாய் என்று தெரியும்.

ஆமாம், சந்தோஷமாகத்தான் இருக்கிறது. மூன்று வருடம் கழித்து நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

வியாழக்கிழமை விசாரணைக்கு வருகிறேன். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்வேன், கேட்காததையும் சொல்வேன். மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பாய். அங்கே எல்லார் முன்னாலும் என்னை அக்கா என்று கூப்பிட்டுவிடாதே.