நிறுத்திவிட்ட தேர்வுக்கு ஒரு தடித்த புத்தகம்

லிகாயா,

நீ குளித்து வருவதற்குள் கிளம்புகிறேன். அடுப்பில் சினிகாங் புளிக்குழம்பு சூடாக இருக்கிறது. இறால் முழுவதும் உனக்குத்தான்.

கணினிப் பழுதுபார்ப்போர் தேர்வுக்கு நீ அந்த மெல்லிய வழிகாட்டியை எடுத்தபோது, "இது சின்னப் பிள்ளைங்க படிக்கிறது" என்று புத்தகக் கடையில் எல்லார் முன்னாலும் சிரித்தேன். அந்தக் காலத்தில் நான் படித்துத் தேறிய தடித்த புத்தகத்தையே உன் கையில் திணித்தேன். "இதுல இருக்கிற தேர்வு எண், நான் எழுதப்போற தேர்வோடது இல்லையே" என்று நேற்றும் கேட்டாய். "பாஸ் பண்ணினது நானா, நீயா?" என்று கத்தினேன். நீ பக்கத்தைத் திருப்பினாய்.

காலையில் கடைக்குப் போன் செய்தேன். "அண்ணே, அந்தப் பழைய தேர்வையே நிறுத்திட்டாங்களே! அக்கா எடுத்ததுதான் புதுத் தேர்வுக்கு" என்றான் கடைக்காரன். காதெல்லாம் சுட்டது எனக்கு. உன் புதுத் தேர்வு அடுத்த மாதம். வேலை முடிந்து வந்து நீ தூங்காமல் படித்ததெல்லாம் என்னால் வீண். இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

நீ எடுத்ததையே வாங்கி வருகிறேன்.

ரொமேல்

செருப்பை மாட்டிய பிறகு எழுதுகிறேன்: நான் போனால் மறுபடி என் இஷ்டத்துக்குத்தான் எடுப்பேன். ஜீப்னி வண்டி நிறுத்தத்தில் காத்திருப்பேன். சாப்பிட்டுவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு வா. நீ எடு. நான் வாயைத் திறக்க மாட்டேன்.