பின் ஸ்பிரிங்கில் இருந்த ரப்பர்

மாரமங்கலம்,
மார்கழி 5, சனி காலை

அன்புள்ள மகன் தனபாலுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் குளிரையும் அம்மாவின் இருமலையும் தவிர வேறு குறை இல்லாமல் இருக்கிறோம், அங்கே புனேயில் நீயும் தீபிகாவும் பாப்பாவும் இருமல்கூட இல்லாமல் இருக்க வேண்டும் என்று சேர்வராயனிடம் சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். போன் இருக்கும்போது அப்பாவுக்கு எதற்குக் கடுதாசி என்று நீ சிரிப்பாய். போனில் நான் ஒன்று சொல்ல ஆரம்பித்தால் நீ நாலு கேட்பாய், நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு மழை பெய்ததா என்பதற்குப் பதில் சொல்லி வைத்துவிடுவேன். இது அப்படி விட்டுவிடக்கூடிய விஷயம் இல்லை. காப்பிப் பழம் பாதி பறித்தாகிவிட்டது, வாழவந்தியிலிருந்து வருகிற ஆட்கள் இந்த வருஷம் நேரத்துக்கு வந்தார்கள், மிளகு கொடியில் நன்றாகப் பிடித்திருக்கிறது, என் ஜீப் மஞ்சக்குட்டைக்கும் ஏற்காட்டுக்கும் வழக்கம்போல் ஓடுகிறது. ஊர்ச் செய்தி அவ்வளவுதான், மற்றதெல்லாம் உன் காரைப் பற்றி.

போன ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவிடம் பேசியபோது போன் ஸ்பீக்கரில் இருந்தது, நான் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். டர்போ இன்ஜின் போட்ட அந்தப் பழைய எஸ்டேட் காரை மறுபடி வெளியே எடுத்திருக்கிறேன், பின்பக்கம் எப்போதும் தூக்கிக்கொண்டே நிற்கிறது, அதை இறக்குவதற்குக் குட்டை ஸ்பிரிங் வாங்கியிருக்கிறேன் என்றாய். டிக்கி நீண்ட அந்த மாதிரி வண்டிக்குப் பேர்தான் எஸ்டேட் கார், நம் மலையில் எந்த எஸ்டேட் பாதையிலும் அது ஏறாது என்று முன்பே உன்னைக் கிண்டல் செய்திருக்கிறேன், அதனால் இன்னும் இறக்கப்போகிறான் பார் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்குள் நீ அடுத்ததைச் சொன்னாய். பழைய ஸ்பிரிங்கைக் கழற்றிப் பார்த்தால் ரெண்டு பக்கமும் சுருளுக்கு நடுவே ரப்பர் கட்டை திணித்திருந்தது, எனக்கு முன்னால் இந்தக் காரை வைத்திருந்த எந்த மடையன் செய்தானோ என்றாய். அம்மா சிரித்தாள். அந்த மடையன் நான்தான் சாமி. போன வருஷம் வைகாசியில் நீங்கள் மூன்று பேரும் வந்தீர்களே, அப்போது நீ கார் வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. நம் வீட்டுக்கு ஏறுகிற மண்பாதையில் நடுவே நீட்டிக்கொண்டிருக்கிற பாறையில் அடிப்பாகம் உரசியது, அதைக் கேட்டு உன் முகம் சுருங்கியது எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் நீங்கள் என் ஜீப்பை எடுத்துக்கொண்டு சேர்வராயன் கோயிலுக்குப் போன நேரத்தில், உன் சாவியை எடுத்துக்கொண்டு ஏற்காட்டில் சூசைமாணிக்கத்தின் பட்டறைக்குப் போனேன். இருபது வருஷமாக என் ஜீப்பைப் பார்க்கிற மெக்கானிக், உனக்கும் தெரிந்தவன்தான். இந்த மலைக்கு வண்டி என்று ஒன்று வந்தால் முதல் வேலையாகப் பின்பக்கத்தைத் தூக்கிவிடுவோம். ஜீப்பாக இருந்தால் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடுதலாகப் போடுவோம், காராக இருந்தால் சுருளுக்குள் ரப்பர். வீட்டுக்கு வந்தவருக்குக் காப்பி கொடுக்கலாமா என்று யாரும் கேட்பதில்லை, இதையும் அப்படித்தான் யாரும் கேட்பதில்லை. சூசை கேட்கவில்லை, நானும் உன்னிடம் சொல்லவில்லை. திரும்பிப் போகும்போது பாறையில் உரசாமல் இறங்குமே, நீயே ஆச்சரியப்பட்டுக் கேட்பாயே, அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு சின்ன ஆசை. உரசாமல்தான் இறங்கியது, நான் பாதையோரம் நின்று கை காட்டினேன், நீ கவனிக்காமலே போய்விட்டாய்.

அன்று சாயங்காலம் சேலத்திலிருந்து உன் போன் வந்தது. கோடை மழையில் நனைந்த ரோடு, பதினாலாவது வளைவில் காரின் பின்பக்கம் வழுக்கிச் சுற்றி, தடுப்புச் சுவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றது, பின் சீட்டில் தீபிகா ஐந்து மாதக் குழந்தையோடு. யாருக்கும் அடி இல்லை என்று கேட்டதும் நான் என்ன செய்தேன்? முப்பது வருஷம் ஜீப் ஓட்டியவன் என்கிற திமிரில், மலையில் இறங்கத் தெரியாதவனுக்கு டர்போ எதற்கு என்று உன்னைத்தான் திட்டினேன். நீயும், ஆமாம் அப்பா, என் தப்புதான், வளைவில் வேகமாக வந்துவிட்டேன் என்று ஒத்துக்கொண்டாய். அதிலிருந்து ஒன்றரை வருஷமாகத் தீபிகா நீ ஓட்டுகிற வண்டியில் எந்த மலையிலும் ஏறமாட்டேன் என்கிறாள், நீங்கள் இங்கே வரவே இல்லை, பாப்பா நடந்ததையும் பேசியதையும் நாங்கள் போனில்தான் பார்த்தோம். நீயும் உன் கை மேலேயே நம்பிக்கை இல்லாமல் காரை மூடி வைத்துவிட்டாய். இத்தனைக்கும் காரணம் என் ரப்பர்தானா, இல்லையா? எனக்கு அது தெரிந்தாக வேண்டியிருந்தது. உண்மையைச் சொல்வதென்றால், இல்லை என்று வரவேண்டும் என்றுதான் தேட ஆரம்பித்தேன்.

திங்கட்கிழமை ஜீப்பை எடுத்துக்கொண்டு சூசையிடம் போனேன். அவன் கையை விரித்து, அண்ணா, இந்த மலையில எந்த வண்டிக்குங்க நாம ரப்பர் போடல, ஒண்ணாச்சும் சுத்துச்சுங்களா என்றான். சரியான கேள்வி, நானும் அதையே பிடித்துக்கொண்டு தப்பித்துவிடலாமா என்று பார்த்தேன். ஆனால் நாம் ரப்பர் போட்டு அனுப்புகிற வண்டியெல்லாம் ஆளும் மூட்டையுமாக அமுங்கி ஓடுகிறவை, உன் காரின் பின்னால் இருந்ததோ தீபிகாவும் கைக்குழந்தையும் ரெண்டு பையும். இது உறைத்ததும் வேறு வேலை ஓடவில்லை. சூசையிடம் பின் சீட்டுக்குப் பின்னால் திறந்த டிக்கி உள்ள ஒரு பழைய டாக்ஸி கார் நிற்கிறது, அதன் பின் ஸ்பிரிங்கிலும் ரப்பர் உண்டு. அம்மாவின் பெரிய முறத்தில் காய்ந்த காப்பிக்கொட்டையைப் பரப்பி, டிக்கிக்குள் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்து, மஞ்சக்குட்டை ரோட்டில் பள்ளம் விழுந்த ஒரு வளைவில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டச் சொன்னேன், நான் பின் சீட்டில் திரும்பி மண்டியிட்டுப் பார்த்துக்கொண்டு வந்தேன். கொட்டை முறத்தில் நிற்கவே இல்லை, சோளப்பொரி மாதிரி துள்ளி டிக்கி முழுக்க இறைந்தது. ரப்பரைக் கழற்றிவிட்டு அதே வளைவு, அதே வேகம். வண்டி ஆடியது, ஒரு பக்கமாகச் சாய்ந்தது, ஆனால் முறத்தை விட்டு வெளியே வந்தது ஒரு கை அளவுகூட இல்லை. நம்பாமல் ரப்பரை மறுபடி போட்டு ஒரு தடவை, எடுத்து ஒரு தடவை. வீட்டுக்கு வந்ததும் அம்மா, ஏனுங்க, வருசம் பூரா காத்துப் பறிச்ச கொட்டையக் கொண்டுபோயி டிக்கியில வெதைச்சுட்டு வர்றீங்களே என்று சத்தம் போட்டாள். கொட்டை துள்ளுகிறது என்றால் வண்டி துள்ளுகிறது, வண்டி துள்ளினால் சக்கரம் ரோட்டை விடுகிறது, ரோட்டை விட்ட சக்கரம் ஈரத்தில் எதைப் பிடிக்கும்? அதிலும் இறக்கத்தில் பிரேக்கை மிதித்தால் பாரமெல்லாம் முன்னால் போய்விடும், தூக்கி நிற்கிற பின்பக்கம் எங்கே இழுத்தாலும் போகும். சூசை கழற்றிய ரப்பரை டாக்ஸிக்குத் திரும்பப் போடவில்லை.

அதோடு விட்டிருக்கலாம், அடுத்த கேள்வி வந்து பிடித்துக்கொண்டது. தூக்கினால் கெடுதல், சரி, கம்பெனிக்காரன் வைத்த உயரம் போதாதா, அதற்கும் கீழே இறக்குவானேன்? இதைச் சூசையிடம் கேட்டேன், அவன் வாழ்நாளில் யாரும் வண்டியைக் கீழே இறக்கு என்று கேட்டதே இல்லையாம். மறுநாள் தோட்டத்தில் பழம் பறிக்கிற அத்தாயி சரிவு வந்ததும் தலையில் இருந்த கூடையை இறக்கி இடுப்பில் வைத்துக்கொள்வதைப் பார்த்தேன். ஏன் என்று கேட்டதற்கு, மேல இருந்தா ஆளையே தள்ளுதுங்க, கீழ இருந்தா நம்ம பேச்சைக் கேக்குதுங்க என்றாள். முப்பது வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், உன் கார் வந்துதான் எனக்கு விளங்க வேண்டியிருந்தது. ஆனாலும் சில சந்தேகம் பாக்கி. எத்தனை விரல் இறக்கினாய்? வாங்கிய ஸ்பிரிங் குட்டை மட்டும்தானா, கெட்டியாகவும் இருக்கிறதா? அளவுக்கு மீறி இறக்கினால், சாமான் ஏற்றியதும் ஸ்பிரிங் முழுக்க அமுங்கி அடியில் முட்டும், அப்புறம் அதுவும் ரப்பர் போட்ட கதைதான். பின்னால் ரெண்டு பேரை உட்காரவைத்து டிக்கியையும் நிரப்பி, சக்கரத்துக்கு மேலே எவ்வளவு இடம் மிச்சம் என்று அளந்து எனக்குச் சொல்லு. பின்பக்கம் இறங்கினால் முன் விளக்கு எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கும், அதையும் தாழ்த்திவிடு. முறம் அங்கே கிடைக்காது, ஒரு தட்டில் துவரம்பருப்பைப் பரப்பி டிக்கியில் வைத்து ஓட்டிப் பார், எத்தனை சிந்தியது என்று அறிய எனக்கு ஆவலாக இருக்கிறது.

புதன்கிழமைதான் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன். அவளோ, பையன் செய்யாத தப்ப பொண்டாட்டி முன்னால சொமந்துட்டு இருக்கறானுங்க, நொம்ப நாளாச்சு, எழுதுங்க, அந்தப் புள்ளையும் படிக்கிற மாதிரி எழுதுங்க என்றாள். அதனால் ஒன்றையும் மறைக்கப்போவதில்லை. அன்று உன் போன் வந்தபோதே ஒரு நொடி அந்த ரப்பர் என் நினைவுக்கு வந்தது. வந்ததை அமுக்கிவிட்டுத்தான் உன்னைத் திட்டினேன். தெரியாமல் செய்ததை நீ மன்னித்துவிடுவாய், எனக்குத் தெரியும். தெரிந்தும் அமுக்கினேனே, அதற்குத்தான் வெட்கமாக இருக்கிறது. மன்னித்துக்கொள் கண்ணு.

தீபிகா கண்ணு, இனி உனக்கு. அன்றைக்கு உன் புருஷன் வளைவில் தப்புப் பண்ணவில்லை. வண்டியைச் சுற்றவைத்தது நான் செருகிய ரப்பர். சுற்றிய வண்டியைப் பிடித்து, உன்னையும் பாப்பாவையும் சுவருக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்தியது அவன் கை. முப்பது வருஷம் ஓட்டிய என்னால் அதை நிறுத்தியிருக்க முடியுமா என்று நாலு நாளாக யோசிக்கிறேன், முடியும் என்று சொல்ல வாய் வரவில்லை. மாமா எழுதிவிட்டார் என்பதற்காக நீ பயத்தை விட்டுவிட வேண்டாம், பயம் கடுதாசியில் போகிற சாமானா என்ன. தை பிறந்து பறிப்பு முடிந்ததும் நாங்களே அங்கே வருகிறோம், சேலத்திலிருந்து ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது, சேலத்தைத் தாண்டி நான் போவது இதுதான் முதல் தடவை. புனேக்குப் பக்கத்திலும் மலைப்பாதை இருக்கிறதாமே. தனபால், ரெண்டு நல்ல வளைவு இருக்கிற இடமாகப் பார்த்து வை. நீ ஓட்டு, பின் சீட்டில் அன்று தீபிகா உட்கார்ந்திருந்த பக்கத்தில் நான் உட்காருகிறேன். அவள் பாப்பாவோடு ரோட்டோரம் நின்று பார்க்கட்டும். அப்புறம் ஏறுவதும் ஏறாததும் அவள் இஷ்டம், யாரும் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் மனசு ஒத்து நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், பாப்பாவுக்கு அம்மா நூறு முத்தம் சொல்லச் சொன்னாள். ஒன்றை மட்டும் மறக்காதே. அப்பா பேர் கெட்டுவிடும் என்று இந்தக் கடுதாசியை நீ மட்டும் படித்துவிட்டு மடித்து வைத்துவிடுவாய், உன் குணம் எனக்குத் தெரியும். அப்படிச் செய்யாதே சாமி, தீபிகா கையில் கொடு.

இப்படிக்கு,
உன் அப்பா
பெரியண்ணன்